எடுத்துவிடுவதா, எடுத்துப் பார்ப்பதா?

பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளித் தோட்டம், இரண்டு மாடு, பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை. ஆடி மாதத்தில் ஒருநாள் உள்பாவாடையில் கறை. வீட்டில் மூச்சு விடவில்லை. பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் மட்டும் சொல்ல, "உடம்புச் சூடுதான், வெந்தயத்த ஊற வெச்சுக் குடி" என்று பதில் வந்திருக்கிறது. ஐப்பசியில் மறுபடியும் கறை. கார்த்திகையில்தான் எனக்குப் போன் செய்தார். "திரும்ப வயசுக்கு வந்துட்டேன் போல, பாப்பா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த நாள் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையின் உட்சுவர் 11 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று ரிப்போர்ட். "புள்ள பெத்தாச்சு, தீட்டும் நின்னாச்சு. இனிமே அது எதுக்குங்க? எடுத்துடலாம். வியாழக்கிழமை அட்மிட் ஆகிடுங்க" என்றார் டாக்டர். பெரியப்பாவுக்கு நிம்மதி. முடிவெடுக்கும் பாரம் அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டது. நான்தான் இழுத்தேன்: "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்ப வேண்டாமா, டாக்டர்?"

"மொத்தமா எடுத்தே அனுப்பிடலாமேம்மா."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பதிலில் என்ன கோளாறு என்று புரிய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. நான் டாக்டர் இல்லை; ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அதே நாற்காலியில் நாளை யாராவது உட்காருவார்கள். அவர்களுக்காக, ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கள் முன் இருந்த வழிகளையும், எதை ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

"கர்ப்பப்பை கேன்சர்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு நோய்களை. ஒன்று கர்ப்பப்பை வாயில் வருவது. ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது. இந்தியாவில் அதுதான் அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டிய பெண்களை அழைத்து ஒரு திரவம் தடவிப் பார்க்கிறார்களே, அது அந்த வாய்ப் பகுதிக்கான சோதனை. இன்னொன்று கர்ப்பப்பையின் உள்ளே, மாதாமாதம் உதிர்கிற உட்சுவரில் வருவது. எண்டோமெட்ரியப் புற்று என்பது இதைத்தான். 2022 ஆம் ஆண்டில் உலகம் முழுக்கக் கர்ப்பப்பை உடலில் புற்று என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 4,20,000 பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த உட்சுவர்ப் புற்றுதான்.

பெரியம்மா இரண்டு வருடம் முன்னால் முகாமில் சோதனை செய்து "நார்மல்" என்று சீட்டு வாங்கி வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் மூன்று மாதம் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். அந்தச் சீட்டு பொய்யில்லை. ஆனால் அது வாசற்படியைப் பார்த்துவிட்டு வந்தவர் எழுதிய சீட்டு; வீட்டுக்குள்ளே யாரும் போகவில்லை. உட்சுவர்ப் புற்றுக்கு இப்படி ஊரைக் கூட்டிச் செய்யும் முகாம் கிடையாது. தேவையும் பெரிதாக இல்லை, ஏனென்றால் இந்த நோய் பெரும்பாலும் தானாகவே கூப்பிட்டுச் சொல்லிவிடும். ரத்தமாக.

காத்திருப்பதா, போவதா

இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தீட்டு வராமல் இருந்து, அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், சிவப்போ பழுப்போ, போய்க் காட்டியாக வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு "பத்தில் ஒன்பது" உண்டு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தீட்டு நின்ற பிறகு ரத்தம் படும் பெண்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குப் புற்று இல்லை. உட்சுவர் வறண்டு மெலிந்துபோயிருக்கும், அல்லது பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சி இருக்கும், அப்படி ஏதோ ஒன்று. ஆனால் இந்தப் புற்று வந்த வயதான பெண்கள் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு ரத்தம்தான் அடையாளமாக இருந்திருக்கிறது. முதல் கணக்கு, பயந்து சாக வேண்டாம் என்கிறது. இரண்டாவது கணக்கு, வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்கிறது.

யாருக்கு வாய்ப்பு அதிகம் என்பதற்கு உடம்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உட்சுவரை வளர்க்கும். ப்ரோஜெஸ்டிரோன் அதை அடக்கி, வேளை வந்ததும் உதிர்த்துவிடும். எரு போடுகிறவரும் களை வெட்டுகிறவரும் மாதிரி. தீட்டு நின்றதும் சினைப்பை இரண்டையும் நிறுத்திவிடுகிறது. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜன் செய்துகொண்டே இருக்கும். எரு விழுகிறது, களை வெட்ட ஆளில்லை. அதனால்தான் உடல் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இது அதிகம். இளவயதில் நீர்க்கட்டி இருந்து தீட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போனவர்கள், பிள்ளை பெறாதவர்கள், ரொம்பத் தாமதமாகத் தீட்டு நின்றவர்கள், மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் மாத்திரை எடுக்கிறவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே பெருங்குடல் புற்று வந்தவர்கள், இவர்களும் கவனமாக இருக்க வேண்டும். "களி தின்ன உடம்புக்கு இதெல்லாம் வராது" என்று எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். பெரியம்மா தினமும் தின்றது ராகிக் களிதான்.

ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த மாத்திரையை வாங்கிக்கொள்ளும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள்தான் இந்தப் புற்றுக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். மாத்திரை கொடுக்கும்போது கூடவே "நின்ன பிறகு எப்பவாச்சும் ரத்தம் பட்டுச்சா அக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். காசு செலவில்லாத கேள்வி.

ஸ்கேனா, சதை டெஸ்டா

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் ஒன்று, பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் ஸ்கேன் ஒன்று. இரண்டாவதைப் பெண்கள் கூச்சப்பட்டு வேண்டாம் என்கிறார்கள். இந்தக் காரியத்துக்கு அதுதான் துல்லியம். தீட்டு நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டு, அந்த ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால், புற்று இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால் 4 மில்லிமீட்டரை நம்பி உட்காரக் கூடாது. மெல்லிய சுவரிலும் வரக்கூடிய முரட்டு வகை ஒன்று உண்டு.

4 மில்லிமீட்டருக்கு மேலே என்றால், ஸ்கேன் அங்கே கைகாட்டி மரம் மட்டும்தான். எவ்வளவு தடிப்பு என்று சொல்லும், அது என்ன என்று சொல்லாது. பெரியம்மாவின் 11, பாலிப்பாகவும் இருக்கலாம், வெறும் தடிப்பாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். தீட்டு இன்னும் நிற்காதவர்களுக்கு இந்த 4 கணக்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் எந்த நாள் என்பதைப் பொறுத்து அவர்களுக்குச் சுவரின் தடிப்பு மாறிக்கொண்டே இருக்கும். நாற்பது வயதுக்காரி ஒருத்தி தன் ஸ்கேனில் 12 என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்த கதை எனக்குத் தெரியும்.

சதையை எடுக்க மூன்று வழி. பைப்பெல் என்பது இளநீர் ஸ்ட்ராவைவிட மெல்லிய குழாய். மயக்க மருந்து வேண்டாம், வெளிநோயாளியாகவே போகலாம், இரண்டு மூன்று நிமிடம், தீட்டு வலிபோல ஒரு சுண்டு வலி. டி அண்ட் சி என்பது நம் ஊரில் "சுத்தம் பண்றது" என்று பெயர் வாங்கியது. மயக்கம் கொடுத்து, கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுப்பது. ஹிஸ்டரோஸ்கோபி என்பது கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, சந்தேகப்பட்ட இடத்திலேயே கிள்ளி எடுப்பது. சுவர் முழுக்கப் பரவிய நோயைப் பைப்பெல் நன்றாகவே பிடிக்கும். ஒரு மூலையில் மட்டும் இருக்கும் பாலிப்பையும் அதற்குள் ஒளிந்த சின்னப் புள்ளியையும் தவறவிடலாம். அதனால் முதலில் பைப்பெல், அதில் ஒன்றும் தெரியாமல் ரத்தம் மட்டும் தொடர்ந்தால் கேமரா என்பது சரியான வரிசையாக எனக்குப் படுகிறது. கேமரா வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நேராக அதற்கே போவதிலும் தப்பில்லை. வெறும் டி அண்ட் சி மட்டும்தான் செய்வோம் என்றால், "கேமரா போட்டுப் பார்த்துச் செய்ய முடியாதா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

"மொத்தமா எடுத்தே அனுப்பிடலாமே"

இப்போது அந்தப் பதிலுக்கு வருகிறேன்.

புற்று என்று தெரிந்து செய்யும் அறுவையும், ஏதோ தடிப்பு என்று நினைத்துச் செய்யும் அறுவையும் ஒன்றில்லை. தெரிந்து செய்தால் கர்ப்பப்பை, அதன் வாய், இரண்டு குழாய், இரண்டு சினைப்பை எல்லாம் சேர்ந்து முழுசாக வெளியே வரும். வயிற்றுக்குள் வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று தேடுவார்கள். புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் போய்த் தங்கும் நிணநீர்க் கணுக்களைச் சோதிப்பது தேவையா என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். தெரியாமல் செய்யும்போது சினைப்பையை விட்டுவிடலாம், வாயை விட்டுவிடலாம், கணுக்களை யாரும் தொட மாட்டார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்து புற்று என்று சொன்னால், கணுக்களில் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அதற்காக மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டிவரும், அல்லது சந்தேகத்தின் பேரில் தேவைக்கு மேல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டிவரும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பெரிய கர்ப்பப்பையைச் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க, உள்ளேயே துண்டு துண்டாக நறுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. உள்ளே தெரியாத புற்று இருந்தால் அதை வயிறு முழுக்கத் தூவிவிட்ட மாதிரி ஆகும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. சந்தேகம் உள்ள கர்ப்பப்பையை நறுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது துளை போட்டு எடுப்பதாகச் சொன்னால், "முழுசா எடுப்பீங்களா, வெட்டி எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நேராக எடுத்துவிடுவதில் ஒரு லாபம் இருக்கிறது: ஒரே அலைச்சல். காட்டு வேலையை விட்டுவிட்டு இரண்டு தடவை, மூன்று தடவை வருவது சின்ன விஷயமில்லை. பெரியப்பா இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "டெஸ்டு எடுத்து, ரிசல்ட்டு வர்றதுக்குள்ள பரவிட்டா?" என்றும் கேட்டார். பரவாது. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் பத்து, பதினைந்து நாளில் நிலைமை தலைகீழாக மாறாது. ஆடியில் பட்ட கறையைக் கார்த்திகையில் சொன்னோமே, அந்த மூன்று நான்கு மாதம்தான் கணக்கில் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குப் புற்று இல்லை என்றேனே, அவர்களுக்கு இந்த அறுவையே வேண்டியிருக்காது. பாலிப் என்றால் அதை மட்டும் எடுத்தால் போதும். தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டில் பெரிய கதை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களிலேயே நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். ஒன்றிய அரசு 2022 இல் இதற்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் அவற்றை மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று சொன்னது.

தருமபுரியில் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். பைப்பெல் போட்டார். பெரியம்மா ஒருமுறை "ஆத்தா" என்றார், அவ்வளவுதான். பதினோராம் நாள் ரிப்போர்ட்: எண்டோமெட்ரியாய்டு வகை, கிரேடு 1. புற்றுதான், ஆனால் சாது வகை. வியாழக்கிழமை அட்மிட் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

எந்த ஊருக்கு

இங்கேதான் வீடு ரெண்டுபட்டது. நம் இரண்டு மாவட்டமும் ஒரு முச்சந்தி. தெற்கே தொப்பூர் கணவாய் இறங்கினால் சேலம். தருமபுரியிலிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். வடக்கே ஓசூர் தாண்டினால் பெங்களூர். கிழக்கே வேலூர், அதையும் தாண்டிக் காஞ்சிபுரம், சென்னை. ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

சதை டெஸ்டும் ஸ்கேனும் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாம். தருமபுரியில் 2008 இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்கு போலுப்பள்ளியில் 2022 இல் வந்தது. அறுவைக்கு மட்டும், பெண்கள் புற்றுநோய்க்கென்றே பயின்ற சர்ஜனும், கரண்ட் வைக்கும் வசதியும், சதையைப் படிக்கும் நல்ல பேத்தாலஜியும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் நல்லது என்பது என் கருத்து. கிரேடு 1 என்று உறுதியாகத் தெரிந்து, அனுபவமுள்ள சர்ஜன் உள்ளூரில் கிடைத்தால், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பக்கம், தமிழ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு இது காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. சென்னை அடையாறில், 1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம். வேலூரில் சி.எம்.சி. மொரப்பூரில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கிவிடலாம் என்பதால் அரூர்ப் பக்கம் வேலூரைச் சொல்கிறவர்களும் நிறைய. கிருஷ்ணகிரி டவுனுக்குத்தான் இன்னும் ரயிலே இல்லை, பஸ்ஸை நம்ப வேண்டும்.

பெங்களூரில் கர்நாடக அரசின் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஓசூர் சாலை மேலேயே இருக்கிறது. அதைத் தவிரத் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக. தேன்கனிக்கோட்டை, ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு. பென்னாகரத்திலிருந்து போகிற பாட்டிக்கு, டாக்டர் சொன்னதைக் கம்பவுண்டர் பாதி மொழிபெயர்த்துச் சொல்வார். அட்டை விஷயமும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு நம் மாநில அட்டையில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். ஆனால் மாநில எல்லையைத் தாண்டி அது அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று, புறப்படும் முன்னால் அவர்களுடைய காப்பீட்டுக் கவுன்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டிய பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

கடைசியில் எங்கள் முடிவை டாக்டர் பெயரோ ஊர்ப் பெயரோ தீர்மானிக்கவில்லை. கூட யார் தங்குவது என்பதுதான் தீர்மானித்தது. பெரியம்மாவின் மகள் பெங்களூர் பொம்மனஹள்ளியில் இருக்கிறாள். சேலத்தில் எங்களுக்கு ஒரு கதவும் திறக்காது. பெங்களூர் என்று முடிவானது. மகள் சேலத்தில் இருந்திருந்தால் சேலத்துக்குப் போயிருப்போம், அதிலும் தப்பிருந்திருக்காது.

எங்கே போனாலும் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. முதலில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதற்கு ப்ளாக் என்று பெயர். அதையும் கண்ணாடி ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது மருத்துவமனையில் மறுபடி படித்துப் பார்ப்பார்கள். அது இல்லாமல் போனால் இன்னொரு முறை சதை எடுக்க வேண்டிவரும். எங்களைத் தருமபுரி லேபுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் வீண்.

கிழித்தா, துளை போட்டா

வயிற்றைத் திறந்து செய்வது ஒன்று, லேப்ரோஸ்கோபியில் நாலைந்து துளை போட்டுச் செய்வது ஒன்று. "துளை போட்டா முழுசா வராது, கிழிச்சாத்தான் சுத்தமா எடுப்பாங்க" என்பது ஊர்ப் பேச்சு. அமெரிக்காவில் 2,616 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரண்டு குழுவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். மருத்துவமனையில் இரண்டு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்தவர்கள், கிழித்துச் செய்தவர்களில் நூற்றுக்கு 94, துளை போட்டவர்களில் 52. சர்க்கரை உள்ள, எடை அதிகமுள்ள உடம்புக்கு வயிற்றில் நீளத் தையல் என்பது சீழ் பிடிக்க வழி. ஆகவே துளைதான் என் ஓட்டு. ஆனால் அதே ஆய்வில் துளை போட ஆரம்பித்தவர்களில் நாலில் ஒருவருக்குப் பாதியில் திறக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும்போது அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

மேலே சொன்ன பெயர்க் குழப்பம் இங்கே உயிரோடு விளையாடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இதே ஒப்பீட்டைச் செய்து 2018 இல் வெளியிட்டார்கள். அதில் துளை போட்டவர்களுக்கு முடிவு மோசமாக இருந்தது. ஆக, வாய்ப் புற்றுக்கு வந்த பெண்ணின் கதையைக் கேட்டு உட்சுவர்ப் புற்றுக்காரர் பயப்படவும் கூடாது, இவர் கதையைக் கேட்டு அவர் துணியவும் கூடாது.

இன்னும் தீட்டு நிற்காதவர்களுக்கு

என்னோடு வேலை பார்க்கும் ஊத்தங்கரை டீச்சருக்கு நாற்பத்து நாலு வயது. மாதம் பத்து நாள் ரத்தப்போக்கு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) ஏழு கிராமுக்கு இறங்கிவிட்டது. அவருக்கும் அதே வசனம்: "எடுத்துடலாம்."

நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குப் போக்கு மாறினால் இங்கேயும் சதை டெஸ்ட்தான் முதலில். புற்றோ புற்றுக்கு முந்தைய நிலையோ இல்லை என்று தெரிந்த பிறகு வழிகள் மூன்று. தீட்டு நாளில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் மாத்திரை போக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும். ஹார்மோன் லூப் என்பது காப்பர்-டி போல உள்ளே வைப்பது. களை வெட்டுகிற ப்ரோஜெஸ்டிரோனை ஐந்து வருடம் அங்கேயே கசியவிடும். மூன்றாவது, அறுவை. லூப்பையும் அறுவையையும் ஃபின்லாந்தில் 236 பெண்களிடம் ஒப்பிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டு பக்கமும் வாழ்க்கைத் தரம் ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனால் லூப் வைத்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் பிறகு அறுவை செய்துகொண்டார்கள். இதை லூப்பின் தோல்வி என்று படிக்கலாம். மீதி 58 பேர் கத்தியில்லாமல் தப்பித்தார்கள் என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. லூப் வைத்த முதல் மூன்று, நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும், அதைப் பொறுக்காமல் எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் "ஹைப்பர்பிளேசியா" (உட்சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருப்பது) என்று வந்தால் அடுத்த வார்த்தையைப் படியுங்கள். செல்களின் உருவமே மாறியிருந்தால் அதற்கு ஏடிபியா என்று பெயர். "ஏடிபியா இல்லை" என்றால் இருபது வருடத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு; லூப்தான் நல்ல வழி. "ஏடிபியா உண்டு" என்றால் கதை வேறு. அவர்களில் பலருக்கு அந்த நேரத்திலேயே பக்கத்தில் புற்று ஒளிந்திருக்கிறது. பிள்ளைப்பேறு முடிந்தவர் என்றால் அறுவைதான். பிள்ளை வேண்டும் என்கிற இளம்பெண்ணுக்கு, மூன்று மாதத்துக்கொருமுறை சதை எடுத்துப் பார்த்துக்கொண்டு, ஹார்மோனில் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. அதைப் புற்றுநோய் சிறப்பு மருத்துவரோடுதான் பேச வேண்டும்.

புற்று இல்லாத காரணத்துக்காக எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் சினைப்பையை விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் சீக்கிரமே வயதாகிவிடும். டீச்சர் லூப் வைத்துக்கொண்டார். இப்போது ஏழாவது மாதம், ரத்தம் பதினொன்று.

கரண்ட்

தை மாதம் பெரியம்மாவுக்கு அறுவை முடிந்தது. நாலு துளை, மூன்றாம் நாள் வீடு. இறுதி ரிப்போர்ட்டில் புற்று சதைச் சுவரின் பாதி ஆழத்துக்குள்ளேயே நின்றிருந்தது, கணுக்களில் இல்லை. முதல் நிலை. முதல் நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். கரண்ட் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நடுத்தர ஆபத்து என்று வந்திருந்தால் அதிலும் ஒரு தேர்வு இருந்திருக்கும். வெளியிலிருந்து இடுப்புக்கு வைப்பது என்றால் வாரம் ஐந்து நாள், கிட்டத்தட்ட ஐந்து வாரம். பிறப்புறுப்புக்கு உள்ளே வைத்துச் செய்வது என்றால் மூன்றே தடவை. நெதர்லாந்தில் 427 பெண்களிடம் ஒப்பிட்டதில், பிறப்புறுப்பில் நோய் திரும்பியது இரண்டு பக்கமும் நூற்றுக்கு இரண்டுக்கும் கீழ். வயிற்றுப்போக்குத் தொல்லை உள்ளே வைத்தவர்களுக்குக் குறைவு. ஒகேனக்கல் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு இருபத்து மூன்று பஸ் பயணத்துக்கும் மூன்று பயணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. டாக்டர் தாமாகச் சொல்லாவிட்டால் "உள்ளே வைக்கிறது போதாதா?" என்று கேளுங்கள். நோய் ஆழமாகப் போயிருந்தாலும் முரட்டு வகையாக இருந்தாலும் போதாது என்றுதான் சொல்வார்கள். அப்போது அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்று பெரியப்பா நச்சரித்தார். இந்த நிலைக்குச் சும்மா சும்மா ஸ்கேன் எடுப்பதால் பலனில்லை, கையால் சோதித்துப் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் போதும் என்றார் அந்த டாக்டரம்மா. சித்திரையில் போனபோது பெரியப்பாவும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். "மறுபடி எங்கயாச்சும் ரத்தம் பட்டுச்சாம்மா?" என்று கேட்டார் டாக்டர். முப்பத்தைந்து வருடத்தில் புருஷன் முன்னால் அந்த வார்த்தையையே எடுக்காத பெரியம்மா, காரிடாரில் நின்ற எனக்கே கேட்கும்படி சொன்னார்: "இல்லீங்க டாக்டர். தினமும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."